தக்காளி காயா, பழமா? உண்ணும் தாவர உறுப்புகளும் தமிழ்ப் பெயர்வழக்கும்

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காக நடத்தப்பெற்ற ஒரு பயிலரங்கில் உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. உரை முடிந்ததும் ஆசிரியை ஒருவர் தம் மாணவி ஒருத்தியின் விடைத்தாளை என்னிடம் காட்டினார். தக்காளி, கத்தரி, வெண்டை, வாழை, பப்பாளி, மிளகாய் ஆகியவற்றைப் ‘பழங்கள்’, ‘காய்கறிகள்’ என இரண்டு பத்திகளாகப் பிரித்தெழுதுக என்பது வினா. அம்மாணவி தக்காளியைப் பழங்களுள் சேர்த்திருந்தாள். வாழையையும் பப்பாளியையும் இரண்டு பத்திகளிலுமே எழுதியிருந்தாள். விடைத்திட்டத்தின்படி அவளுக்கு மூன்று புள்ளிகள் போயின. “குறியிட்டவள் நான்தான் ஐயா. குறியிட்ட பிறகு மனம் ஒப்பவில்லை. அவள் வீட்டில் தக்காளிப்பழம் என்றுதான் சொல்கிறார்கள். வாழைக்காயைப் பொரிக்கிறார்கள், வாழைப்பழத்தை உரித்துத் தின்கிறார்கள். அவள் எழுதியதில் என்ன தவறு?” என்று அவர் கேட்டார்.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதனை ஒழுங்காகக் கூற முற்படுவதே இக்கட்டுரை. நாம் நாள்தோறும் உண்ணும் காய்கறிகளும் பழங்களும் தாவரத்தின் எந்தெந்த உறுப்புகள் என்பதையும், அவற்றுக்குத் தமிழ் வழங்கும் பெயர்கள் அவ்வுறுப்புகளை எவ்வளவு தூரம் சரியாகச் சுட்டுகின்றன என்பதையும் இங்குக் காணலாம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நான் பிறந்து வளர்ந்த பாயா ரும்புட் வட்டாரத்துக் கொல்லைகளிலிருந்தும் அடுக்களைகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அவ்விளம்மாணவி தவறு செய்யவில்லை என்பதும், தவறு வினாவிலேயே இருந்தது என்பதும் என் துணிபு.

மூன்று வகைப்பாடுகள்

தாவரவியலார் கனி என்பதற்குக் கூறும் இலக்கணம் எளிமையானது. பூவின் சூற்பை முதிர்ந்து உருவாவது கனி. அதனுள் இருக்கும் சூல்கள் முதிர்ந்து விதைகளாகின்றன. இனிப்போ புளிப்போ, பழுத்ததோ பழுக்காததோ, சமைப்பதோ பச்சையாக உண்பதோ இவ்விலக்கணத்தில் இடம்பெறுவதில்லை. எனவே கத்தரி, வெண்டை, முருங்கைக்காய், அவரை, பாகல், பூசணி, வெள்ளரி, மிளகாய் யாவும் தாவரவியலில் கனிகளே. மிளகு ஒரு கனி. நெல்மணிகூட ஒரு கனிதான். அதன் கனியுறையும் விதையுறையும் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதால் நாம் அதனை விதையென்றே கருதுகிறோம்.

அடுக்களையின் வகைப்பாடு வேறு. அங்குப் பொருளின் பிறப்பு கேட்கப்படுவதில்லை. அது குழம்போடு சேருமா, உணவுக்குப் பின் உண்ணத்தகுமா என்பதே கேட்கப்படுகிறது. இவ்விரண்டும் மோதிக்கொண்ட புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் இறக்குமதியாகும் காய்கறிகளுக்கு வரி விதித்தது. பழங்களுக்கு அவ்வரி இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் தக்காளிக்கு வரி கட்டிய நிக்சு என்னும் வணிகர், தக்காளி பழமே என்று கூறி, சுங்க அதிகாரி ஹெடன் மீது வழக்குத் தொடுத்தார். 1893இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தாவரவியலில் அது கனியே ஆயினும் மக்கள் வழக்கில் அது முதன்மை உணவோடு உண்ணப்படும் காய்கறி என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தாவரவியலை மறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. சந்தையில் வழங்கும் சொல்லுக்குச் சந்தையின் பொருளையே கொள்ள வேண்டும் என்றுதான் கூறியது. தக்காளி காயா, பழமா என்னும் வினா உலகெங்கும் வகுப்பறைகளில் சுழன்று வருவதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம்.

ஊட்டச்சத்தியலார் பிரிப்பது மேலும் ஒரு வகை. நம் நாட்டில் ‘சுக்கு சுக்கு செபாரோ’ என்று பரப்பப்படும் உணவுத்தட்டு முறையில் பாதித் தட்டு காய்கறிக்கும் பழத்துக்கும் உரியது; உருளைக்கிழங்கோ சோற்றோடு சேர்ந்து மாவுப்பொருளுக்குரிய கால் பங்கில் அமர்கிறது. அதே உருளைக்கிழங்கு சந்தைக் கடையில் காய்கறிக் கூடையில்தான் கிடக்கிறது.

இம்மூன்றும் தத்தம் துறையில் முறையானவையே. எந்த வகைப்பாட்டின்படி விடை வேண்டும் என்று கூறாமல் மாணவரைப் பிரிக்கச் சொல்வதுதான் முறையன்று.

காய், பழம், கனி

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதலாகிறது. காய், பழம் ஆகியவை பொருளின் இனத்தைச் சுட்டும் பெயர்கள் அல்ல. பருவத்தைச் சுட்டும் பெயர்கள். ஒரே பொருளே பிஞ்சாகவும் காயாகவும் பழமாகவும் இருக்கிறது. பழுத்தல் என்னும் வினையிலிருந்து பழம் பிறந்தது. அவ்வினையை நாம் இலைக்கும் சொல்கிறோம், புண்ணுக்கும் சொல்கிறோம், உலையில் காய்ச்சிய இரும்புக்கும் சொல்கிறோம். கனிதல் என்பது மென்மையுறுதல். மனத்தின் கனிவும் அதிலிருந்தே வந்தது. ஆகவே ‘வாழை காயா, பழமா?’ என்று தமிழில் கேட்பது, ‘கண்ணன் சிறுவனா, கிழவனா?’ என்று கேட்பதைப் போன்றது. எப்போது என்று சொல்லாமல் விடை கூற இயலாது. அம்மாணவி வாழையை இரண்டு பத்திகளிலும் எழுதியது அதனாலேயே.

மலாய்மொழி இவ்விடத்தில் வேறு வழியில் செல்கிறது. ‘புவா’ என்னும் மலாய்ச் சொல் பருவம் நோக்காதது. பிஞ்சுப் பலாவுக்கு ‘நங்கா மூடா’ என்றும், பழுத்த பப்பாளிக்கு ‘பெத்திக் மாசாக்’ என்றும் அடைமொழி சேர்த்தே மலாய்க்காரர் பருவத்தை உணர்த்துவர். (அதே ‘புவா’ வீட்டையும் வாகனத்தையும் எண்ணும்போதும் வந்து நிற்பது வேறு கதை.) எனவே மலாயில் எழுதப்பெற்ற ‘புவா’, ‘சாயூர்’ என்னும் இரு தலைப்புகளையோ, ஆங்கிலத்தின் இணையான இரு சொற்களையோ ‘பழங்கள்’, ‘காய்கறிகள்’ என்று மொழிபெயர்த்தால், மூலத்தில் இருந்த பொதுமை தமிழில் காணாமற் போகிறது. பருவம் நோக்காத பொதுச்சொல் நம் அன்றாட வழக்கில் இல்லை. இக்குறையை ஒப்புக்கொள்வதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. இலண்டனில் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் கரீபிய மக்களின் கடையொன்றில் சமைக்கும் வாழையும் உண்ணும் வாழையும் இரு வேறு பெயர்களோடு இரு வேறு தட்டுகளில் இருக்கக் கண்டேன். ஆங்கிலம் அவற்றை இனத்தால் பிரித்திருந்தது. என் தாயாரோ ஒரே தாரிலிருந்து முதலில் காயையும் பிறகு பழத்தையும் எடுப்பவர்.

தமிழ்நாட்டு அறிவியல் நூல்கள் இப்பொதுமைக்குக் ‘கனி’ என்பதைக் கலைச்சொல்லாக்கிக் கொண்டன. நம் ஆசிரியர்களும் அதனையே கைக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கனி தாவரவியலுக்கு, காயும் பழமும் வீட்டு வழக்குக்கு. அவ்வாறு கொண்டால் ‘வெண்டைக்காய் ஒரு கனி’ என்னும் தொடர் முரணாக ஒலிக்காது.

இதனைத் தெளிவுபடுத்த மலாக்காவைவிடப் பொருத்தமான இடம் இல்லை எனலாம். பரமேசுவரன் இளைப்பாறிய மரத்தின் பெயராலேயே இவ்வூர் பெயர்பெற்றது என்பது மரபுக்கதை. ‘மலாக்கா’ என்னும் அம்மரம் நம் நெல்லி மரமே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. வடமொழியில் அது ஆமலகம். நெல்லி முதிர்ந்து மஞ்சள் ஓடினாலும் மாம்பழத்தைப்போல் இளகுவதில்லை. அதனால் பேச்சுவழக்கில் அது என்றும் நெல்லிக்காய்தான். ஆயினும் அதியமான் ஔவையாருக்கு அளித்ததைப் புலவர் மரபு கனி என்றே போற்றுகிறது. ஒரே பொருள் ஊறுகாய்ச் சாடியில் காயாகவும் இலக்கியத்தில் கனியாகவும் நிற்கிறது. இரண்டிலும் பிழையில்லை.

தக்காளிக்கு வருவோம். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி நம்மிடம் வந்தபோது, அதன் உறவாகிய மணத்தக்காளி ஏற்கெனவே தமிழ்க்கொல்லைகளில் இருந்தது. மிளகாய் வந்தபோது மிளகைப் போல் காரமுள்ள காய் என்று பெயரிட்டோம். தக்காளி சிவந்து பழுத்த பின்பே பெரும்பாலும் சமையலுக்கு வருகிறது. ஆகையால் அது தக்காளிப்பழம். பச்சையாகப் பறித்தால் தக்காளிக்காய். இவ்வாறு நோக்கின் நிக்சு வழக்கு தமிழ் நீதிமன்றம் ஒன்றில் எழுந்திருக்கவே வாய்ப்பில்லை. பழத்தைக் குழம்பில் இடுவதில் தமிழருக்கு வியப்பொன்றும் இல்லை.

பயனுள்ள ஓர் உண்மை இங்குப் புலனாகிறது. ‘காய்’ என்று முடியும் காய்கறிப் பெயர் ஒவ்வொன்றும் தாவரவியலிலும் கனியே. கத்தரிக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், கொத்தவரங்காய் என எதை எடுத்தாலும் சூற்பை முதிர்ந்து வந்ததுதான். மாணவருக்கு இதைவிட எளிய வாய்பாடு வேறில்லை. ஆனால் விதிவிலக்குகளை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். சாதிக்காய் என்பது கனியன்று, கனியினுள் இருக்கும் விதை. அதனைச் சூழ்ந்த செந்நிறப் போர்வையே சாதிபத்திரி. மாசிக்காய் கனியும் அன்று, விதையும் அன்று. குளவி இனப் பூச்சி ஒன்று ஓக் மரத்தில் முட்டையிடுவதால் ஏற்படும் வீக்கம் அது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ‘மஞ்சாகானி’ என்று மலாய்ப் பெண்கள் பேறுகாலத்திற்குப் பின் வாங்குவதும் அதுவே. வெங்காயமோ காய் என்று முடிவதே இல்லை. அது காயம் என்று முடிகிறது. காயம் என்பது காரமும் நெடியும் உடைய பொருள். பெருங்காயமும் அதன் இனப்பெயரே. வெங்காயத்தைக் காய் என்று எழுதும் மாணவரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருமுறை ஆசிரியர் ஒருவரையும் கண்டேன்.

வாழையும் பலாவும்

தோட்டத்து லயத்து வீடுகளின் பின்புறம் வாழை இல்லாத கொல்லை அரிது. இலை, பூ, காய், பழம், தண்டு என ஐந்தும் உண்ணவோ பரிமாறவோ பயன்பட்டன. இவற்றுள் தண்டைப் பற்றிய தமிழ்ப்பெயர் வியக்கத்தக்க அளவு நுட்பமானது. வாழையில் நிமிர்ந்து நிற்கும் பருத்த பகுதி தண்டே அன்று. ஒன்றையொன்று தழுவிச் சுருண்ட இலையடிகளின் தொகுதி. தமிழர் அதனைப் பட்டை என்பர். உண்மைத் தண்டு நிலத்தடியில் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலத்தில் அதிலிருந்து ஒரு தண்டு பட்டைகளின் நடுவே மேலெழுந்து தாரைத் தாங்குகிறது. பட்டைகளை உரித்துப் போட்டு அவ்வெண்ணிறத் தண்டைமட்டும் எடுத்துச் சமைத்து, அதனையே வாழைத்தண்டு என்றனர். தாவரவியலாரும் இதனினும் திருத்தமாகச் சொல்லிவிட முடியாது.

வாழைப்பூ என்பது ஒரு பூவன்று, பல பூக்களைக் கொண்ட மஞ்சரி. செந்நீல மடல்களின் இடுக்கில் வரிசையாக இருப்பவையே பூக்கள். சமைப்பதற்குமுன் ஒவ்வொரு பூவிலிருந்தும் நம் தாய்மார் ‘கள்ளனை’ எடுத்தெறிவதைக் கண்டிருப்போம். தீக்குச்சி போல் விறைத்து, தலை பருத்து நிற்கும் அது பூவின் சூல்தண்டும் சூல்முடியும் ஆகும். எத்தனை வெந்தாலும் மென்மையுறாது. அதனோடு களையும் கண்ணாடி போன்ற சிறு செதிள், பூவிதழ்களுள் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் கத்திமுனையால் செய்வதை அடுக்களையில் நகத்தால் செய்கின்றனர். பூவின் உறுப்புகளைக் கற்பிக்கச் செம்பருத்தியை மட்டுமே நம்பியிருக்கும் ஆசிரியர் ஒருநாள் வாழைப்பூ ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுசென்று பார்க்கலாம்.

பலாவில் நிலைமை தலைகீழ். அங்கு உறுப்பு நுட்பம் பெயரில் மறைந்துவிடுகிறது. ஒரு பலாப்பழம் என்பது ஒரு பூவின் கனியன்று; ஒரு மஞ்சரியின் நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாக இணைந்து முதிர்ந்த கூட்டுக்கனி. ஒவ்வொரு சுளையும் ஒரு பூ. நாம் உண்ணும் மஞ்சள் சதை அப்பூவின் இதழ்கள் தடித்துத் திரண்டது. கனி என்று உண்மையில் சொல்லத்தக்கது சுளைக்குள் கொட்டையை மூடியிருக்கும் பகுதியே. சுளையாகாமல் நாராகத் தங்கிய சடை, கருவுறாத பூக்கள். மேல்தோலின் முட்கள் அப்பூக்களின் நுனிகள். அன்னாசியும் இத்தகையதே, அதன் ஒவ்வொரு கண்ணும் ஒரு பூவின் இடம்.

டுரியானில் வரும் சுளை அவ்வாறன்று. அது ஒரே பூவிலிருந்து வந்த ஒரே கனி. உண்ணும் சதை விதையைச் சூழ்ந்து வளர்ந்த போர்வை. தோலின் முள்ளைக் கண்டு டுரியானைப் பலாவின் உறவு என்று கருதுவோர் பலர். உண்மையில் அது செம்பருத்திக்கும் வெண்டைக்கும் நெருங்கிய உறவு. ஆரஞ்சின் சுளையோ சூற்பையின் ஓர் அறை. அதனுள் நிறைந்திருக்கும் சாற்றுப் பைகள் அறையின் உட்சுவரில் முளைத்த மயிர்கள். ஆக, இதழ், விதைப்போர்வை, சூலறை என மூன்று வேறு உறுப்புகளை ஒரே ‘சுளை’ என்னும் சொல் தாங்குகிறது. பிரித்தெடுத்து உண்ணத்தக்க துண்டு என்பதே சுளையின் பொருள். அது விரல்களுக்கு உரிய சொல், நுண்ணோக்கிக்கு உரியதன்று.

மங்குஸ்தீன் குறித்து ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. சிறுவயதில் அதன் அடிப்புறத்தில் பூப்போல் இருக்கும் தழும்பின் இதழ்களை எண்ணி, உள்ளே எத்தனை சுளை என்று பந்தயம் கட்டுவோம். ஒருபோதும் பொய்த்ததில்லை. அத்தழும்பு பூவின் சூல்முடி காய்ந்து தங்கியது. அதன் பிளவுகளின் எண்ணிக்கையும் சூலறைகளின் எண்ணிக்கையும் ஒன்றே. பிஞ்சுகள் எறியப்பட்ட பிறகும் எங்களுக்குக் காரணம் சொல்லித் தர ஒருவரும் இல்லை. பின்னாளில் நூலகத்தில் இதனைப் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி, முனைவர் பட்டம் பெற்றபோதுகூட ஏற்படவில்லை.

முந்திரியும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கீழ்த்திசைக்குக் கொணர்ந்த பயிர் அது. அவர்கள் 1511 முதல் 1641 வரை மலாக்காவை ஆண்டனர் என்பது யாவரும் அறிந்தது. பழம் என்று நாம் கடித்துத் தின்னும் பகுதி, பூக்காம்பு பருத்துச் சதைப்பற்றானது. அதன் அடியில் வெளியே தொங்கும் கொட்டைதான் கனி. முந்திரிப்பருப்பு அக்கனியின் விதை.

நிலத்தடியில்

மலாக்காவின் தோட்ட வரலாறு ரப்பரோடு தொடங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்குச் சீன முதலாளிகள் பெரும்பரப்பில் பயிரிட்டது மரவள்ளி. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பரைத் தோட்டப்பயிராக நட்டு, பின் புக்கிட் அசாஹானில் விரிவாக்கியபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது. மரவள்ளியும் ரப்பரும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த உறவுகள் என்பது தற்செயலான பொருத்தம். இரண்டையும் கீறினால் பால் வடியும். 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் அரிசி அருகியபோது தோட்டத் தமிழரின் உயிரைக் காத்ததும் மரவள்ளியே. அக்காலத்தை வாழ்ந்து கடந்த என் பாட்டியார் பிற்காலத்தில் அதனைத் தொடவே மாட்டார்.

மரவள்ளிக்கிழங்கு ஒரு வேர். சர்க்கரைவள்ளியும் வேரே. உருளைக்கிழங்கோ தண்டு, அதன் மேலுள்ள கண்கள் யாவும் மொட்டுகள். சேம்பும் சேனையும் தண்டுகள்தாம். இஞ்சியும் மஞ்சளும் நிலத்தடியில் கிடையாக ஓடும் தண்டுகள். கணுவும் செதிலும் அவற்றில் வெளிப்படையாகத் தெரியும். இவை அனைத்தையும் தமிழ் கிழங்கு என்றே அடக்கும். மலாயின் ‘ஊபி’யும் அவ்வாறே. மண்ணுக்கடியில் மாவுச்சத்தைத் தேக்கி வைத்திருப்பது கிழங்கு. அது வேரா, தண்டா என்பதைப் பெயர் பேசுவதில்லை.

பெயரில் இல்லாத இவ்வேறுபாட்டைப் பயிரிடுவோர் செயலில் அறிந்திருந்தனர். உருளைக்கிழங்கை நட வேண்டுமாயின் கண்ணுள்ள துண்டை நடுவர், இஞ்சியையும் அவ்வாறே. மரவள்ளியை நட ஒருவரும் கிழங்கைப் புதைப்பதில்லை. குச்சியை வெட்டியே நடுவர். கணுவும் மொட்டும் அற்ற மரவள்ளி வேரிலிருந்து செடி முளைக்காது என்பதைக் கொல்லை வேலை கற்பித்திருந்தது. தண்டுக்கும் வேருக்கும் உள்ள வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்த ஈரமண் நிரப்பிய இரண்டு பால் டின்களும் மூன்று வாரமும் போதும்.

வெங்காயமும் பூண்டும் வேறு. அவை சேமிப்பு இலைகள். தட்டையான சிறு தண்டின்மேல் தடித்த இலையடிகள் ஒன்றையொன்று மூடி அடுக்கப்பட்டிருக்கின்றன. வெங்காயத்தை உரிக்க உரிக்க ஒன்றுமில்லை என்பார்கள். உரித்துப் போடுவது முழுவதும் இலை என்பதே விடை.

பெயர் முற்றிலும் வழிதவறிய ஒன்றும் உண்டு. அது சவ்வரிசி. ஜாவா அரிசி என்பதே அவ்வாறு மருவியது. அரிசி என்றதால் அது தானியம் என்று மாணவர் எழுதுவது இயல்பே. ஆதியில் அது சாகோ பனையின் அடிமரத்துச் சோற்றிலிருந்து, அதாவது தண்டிலிருந்து எடுக்கப்பட்ட மாவு. மலாக்காவின் ரெம்பியா என்னும் ஊர்ப்பெயரில் அப்பனையின் மலாய்ப் பெயர் ஒலிக்கிறது. 1940களுக்குப் பின் சேலத்தில் வளர்ந்த தொழிலோ மரவள்ளியிலிருந்து, அதாவது வேரிலிருந்து சவ்வரிசி செய்கிறது. பெயர் விதையைச் சொல்கிறது. பொருள் தண்டிலிருந்து வேருக்கு மாறியிருக்கிறது. பாயசத்தின் சுவையில் ஒரு மாற்றமும் இல்லை.

இலையும் கீரையும்

இலையை உண்பதற்கு மட்டும் தமிழில் தனிச்சொல் உண்டு. மரத்தில் இருக்கும்வரை முருங்கையிலை. உருவி முறத்தில் போட்டதும் முருங்கைக்கீரை. கங்கோங், வல்லாரை, மரவள்ளிக் கொழுந்து யாவும் இவ்வாறு கீரை ஆகின்றன. கறிவேப்பிலையும் ரம்பை இலையும் கீரை ஆவதில்லை. அவை மணத்துக்காக இடப்படுபவை, வயிறு நிறைப்பவை அல்ல. இவ்வேறுபாடு தாவரவியலில் இல்லை. சமையலறையிலிருந்து வந்த இந்நுட்பத்தைக் குறைவாக மதிப்பிடல் வேண்டா.

தொல்காப்பியமும் நம் பெருமிதமும்

தாவர உறுப்புப் பெயர் என்றவுடன் தமிழாசிரியர் நினைவுக்கு வருவது தொல்காப்பிய மரபியல். புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் அது பிரிக்கிறது. தோடு, மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலியவற்றைப் புல்லுக்கும். இலை, தளிர், முறி, சினை, குழை, பூ, அரும்பு முதலியவற்றை மரத்துக்கும் உரியவையாக்குகிறது. காய், பழம், தோல், செதிள், வீழ் ஆகியவை இரண்டுக்கும் பொது. இவ்வகைப்பாட்டின்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லே. ‘ரும்புட்’ என்றால் மலாயில் புல். ‘பாயா’ என்றால் சதுப்பு நிலம். எங்கள் ஊரின் பெயரைத் தொல்காப்பியர் கேட்டிருந்தால் தென்னந்தோப்பு ஒன்றை மனக்கண்ணில் கண்டிருப்பாரோ என்று நான் வேடிக்கையாக எண்ணியதுண்டு.

20ஆம் நூற்றாண்டில் தேவநேயப் பாவாணர் இப்பெயர்களைத் திரட்டித் தமிழின் சொல்வளத்துக்குச் சான்றாக்கினார். மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை, எள்ளுக்குக் கவ்வை எனப் பிஞ்சு ஒன்றற்கே அவர் காட்டும் பெயர்கள் பல. இவற்றைப் பட்டியலாக எழுதி மனனம் செய்விக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. அதில் எனக்கு ஒரு தயக்கம். மூசு என்னும் சொல்லை எழுதத் தெரிந்த மாணவர் பலர் பலாப்பிஞ்சைக் கண்டதில்லை. ‘நங்கா மூடா’ என்று மலாய்க் கடையில் உண்டவர்களுக்கு அதுவே மூசு என்று தெரிவதில்லை. மேலும், சொல்வளம் வேறு, தாவரவியல் வேறு. பயிரோடு நெருங்கி வாழ்ந்தோர் தமக்குப் பயன்பட்ட வேறுபாடுகளுக்கெல்லாம் பெயரிட்டனர், பயன்படாதவற்றை விட்டுவிட்டனர். வாழைத்தண்டில் அவர்கள் சரியாக இருந்ததும், கிழங்கில் வேரையும் தண்டையும் ஒன்றாக்கியதும் ஒரே காரணத்தால்தான். முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று கூறிவிட்டால், ஆராய வேண்டிய இடம் அடைபட்டுப் போகிறது.

வகுப்பறைக்கு

நம் நாட்டில் 2003 முதல் அறிவியலும் கணிதமும் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன்பின் படிப்படியாக இப்பாடங்கள் தமிழுக்குத் திரும்பின. திரும்பியபோது சொற்கள் தமிழாயின. வினாக்களின் அமைப்பு பல இடங்களில் பழைய மொழியிலேயே நின்றுவிட்டது என்று கருதுகிறேன். பழமா, காய்கறியா என்று பிரிக்கச் சொல்லும் வினா அத்தகையது. ‘காய்கறி’ என்னும் தொடரே கவனிக்கத்தக்கது. கறி என்பது சங்க காலத்தில் மிளகு. பின் மிளகிட்டுச் சமைத்தது. அதன்பின் சோற்றுக்குத் துணையாவது எதுவும் கறியாயிற்று. அப்பொருளிலேயே அது மலாயில் ‘காரி’ ஆகி நின்றது. கீரை, கிழங்கு, பூ, தண்டு யாவும் காய்கறிக்குள் நுழைந்தது கறி என்னும் பாதியின் வழியாகத்தான். அச்சொல்லுக்கு எதிர்ச்சொல் பழம் ஆகாது.

அவ்வினாவுக்கு மாற்றாக, ஒவ்வொரு பொருளைப் பற்றியும் மாணவரிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம்: இது தாவரத்தின் எந்த உறுப்பு? எந்தப் பருவத்தில் பறிக்கப்பட்டது? வீட்டில் எவ்வாறு உண்கிறீர்கள்? தக்காளிக்கு விடை: கனி, பழுத்த பின், குழம்பிலும் சட்டினியிலும். வாழைக்கு விடை: கனி; காயாகவும் பழமாகவும்; பொரித்தும் உரித்தும். விதை இருக்கிறதா, கணு இருக்கிறதா, காம்பின் தழும்பு எங்கே என்று அறுத்துப் பார்க்கச் சொன்னால் முதல் வினாவுக்கான விடையைப் பெரும்பாலும் மாணவரே கண்டறிவர். விதையுள்ள முள்ளங்கியைத் தேடி ஒரு வகுப்பு அரை மணி நேரம் செலவிட்டால் அது வீண் நேரம் அன்று.

இம்முறையை அந்த ஆசிரியை மறு ஆண்டு தம் வகுப்பில் முயன்று பார்த்தார். சந்தையில் வாங்கிய பன்னிரண்டு பொருள்களை மேசைமீது பரப்பியதாகவும், பூக்கோசில் மாணவர் இரு பிரிவாகிப் போயினர் என்றும் தொலைபேசியில் தெரிவித்தார். ஒரு பிரிவு அது இலை என்றது. மற்றொன்று, பெயரிலேயே பூ இருக்கிறதே என்றது. இரண்டாவது பிரிவினரே சரி. அது விரியாத மஞ்சரி. ரம்புத்தானின் வெண்சதைக்கு மாணவர் எந்தப் பெயரையும் ஒத்துக்கொள்ளவில்லை. சதை என்றான் ஒருவன். சுளை என்றாள் ஒருத்தி. ஒரு பழத்தில் ஒன்றுதானே இருக்கிறது, அது எப்படிச் சுளையாகும் என்று மூன்றாமவன் மறுத்தான். என்ன பெயர் சொல்லட்டும் என்று ஆசிரியை கேட்டார். விதையைப் போர்த்திய சதை என்பதால் ‘விதைப்போர்வை’ என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். சாதிபத்திரிக்கும் டுரியானுக்கும் அது பொருந்தும். விடைத்தாளில் அம்மாணவி இழந்த மூன்று புள்ளிகளை, குறிப்பேட்டில் திருத்திக் கொடுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார்.